உப்பளக் கவிதைகளைக் குரலில் பதிந்திருக்கிறேன், கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. எப்படிக் கொண்டுசேர்ப்பது?

உப்பங்காற்று

வணக்கம். நான் தூத்துக்குடி. அம்மா 30 வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவங்க. அந்த வாழ்க்கையை வைத்து நான் எழுதியதில் 14 கவிதைகளை என் குரலிலேயே பதிந்திருக்கிறேன். மொத்தம் 38 நிமிடம். பின்னணி இசை கிடையாது. பாத்தியில் உப்பு வாரும் சத்தத்தை விடியற்காலையில் போனிலேயே பிடித்து மூன்று இடத்தில் மட்டும் சேர்த்திருக்கிறேன்.

இதற்குப் பின்னால் பதிப்பகமோ நிறுவனமோ இல்லை. சேர்த்து வைத்திருந்த 15,000 ரூபாயில் பதிவுக்கும் ஒலிச் சீரமைப்புக்கும் 7,000 போய்விட்டது. மீதி 8,000-ஐ வைத்துத்தான் இதை வெளியே கொண்டுபோக வேண்டும்.

போன வாரம் ஒரு கவிதையை மட்டும் யூடியூபில் ஏற்றி 11 வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் போட்டேன். 64 பேர் பார்த்திருக்கிறார்கள். கவிதை இரண்டே முக்கால் நிமிடம், சராசரியாகக் கேட்டது 40 விநாடி. அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. விளம்பரத்தில் பணத்தைப் போடலாமா? ஸ்பாட்டிஃபையில் போட்டால் ஏதாவது வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம்

அக்கா, விளம்பரத்தில் போடாதீங்க. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கவிதைக் காணொளி ஒன்றுக்கு ஒரு சமூக ஊடகத்தில் 6,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன். மேலே 18% ஜிஎஸ்டி தனி. பத்து நாளில் 'பார்வை' ஆயிரக்கணக்கில் ஏறியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் மூன்று நான்கு விநாடியில் தாண்டிப் போயிருக்கிறார்கள். கருத்து எழுதியவர் இருவர், இருவருமே எனக்குத் தெரிந்தவர்கள். விளம்பரம் நின்ற மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டை விரலை நிறுத்தும் வேலையைக் கவிதையிடம் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் அது கவிதையாகக் கேட்கும்.

ஒலிக்கட்டு

உங்கள் யூடியூப் பதிவைக் காதொலிப்பானில் மூன்று முறை கேட்டேன். பரப்புவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 40 விநாடியில் ஆட்கள் போனதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதல் 9 விநாடி வெறும் காற்றுச் சத்தம். உங்களுக்கு அது உப்பளம். போனின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு அது இரைச்சல். முதல் சொல் 2 விநாடிக்குள் வரட்டும், காற்றைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது மூச்சு. சீரமைத்தவர் உங்கள் மூச்சு முழுவதையும் வெட்டி எடுத்திருக்கிறார். விளம்பரக் குரலுக்கு அது சரி. இங்கே வரிக்கும் வரிக்கும் நடுவில் ஆளே இல்லாததுபோல் ஆகிவிட்டது. வெட்டாத மூலக் கோப்பு இருந்தால் மூச்சைத் திருப்பி வையுங்கள், கொஞ்சம் சத்தத்தைத் தணித்து வைத்தால் போதும்.

இன்னொன்று, நீங்கள் சில வரிகளை இரண்டு முறை சொல்கிறீர்கள். அது கவியரங்கப் பழக்கம். மேடையில் கைதட்டலில் சொல் அமுங்கிவிடும், அதனால் திருப்பிச் சொன்னார்கள். காதுக்குள் ஒருவருக்கு மட்டும் சொல்லும்போது ஒருமுறை போதும்.

சத்த அளவும் குறைவு. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியைச் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்த அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தும். பேச்சுக்கு மைனஸ் 16 பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கும். உங்களுடையது மைனஸ் 24-இல் கிடக்கிறது. பேருந்தில் கேட்டால் ஒன்றும் விழாது. ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதிலேயே இதைச் சரிசெய்யலாம். திணறினால் எனக்குக் கோப்பை அனுப்புங்கள், செய்து தருகிறேன். காசு வேண்டாம்.

உப்பங்காற்று

ஒலிக்கட்டு சார், மூச்சை எடுக்கச் சொன்னதே நான்தான். 'தொழில்முறையாக' இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூலக் கோப்பு இருக்கிறது, இன்றிரவே அனுப்புகிறேன். மிக்க நன்றி.

கணக்கேடு

பணக் கேள்விக்கு வருகிறேன். கணினியில் கணக்கெழுதுவது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளும்.

ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024-லிருந்து ஒரு பதிவு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் அதற்கு உரிமைத் தொகை. இது ஒவ்வொரு கவிதைக்கும் தனித்தனி. ஆக 14 கவிதையும் தலா 900 முறை ஓடினாலும் கைக்கு ஒன்றும் வராது. 25 விநாடிக் குறுங்கவிதை எதுவும் உங்களிடம் இருந்தால் அது கணக்கிலேயே ஏறாது, அடுத்த கவிதையோடு சேர்த்து ஒரே பதிவாக்குங்கள்.

அப்படியானால் எதற்குப் போட வேண்டும்? யாராவது உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான். நேரடியாக நாம் ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோகச் சேவை வேண்டும். அதில் இரண்டு வகை. ஆண்டுச் சந்தா வகையில் எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் சந்தாவை நிறுத்தினால் பதிவுகள் பொதுவாக இறக்கப்பட்டுவிடும். ஒருமுறைக் கட்டண வகையில் வருகிற தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், பதிவு அங்கேயே இருக்கும். ஒரே ஒரு தொகுப்பு வைத்திருப்பவருக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

வெளியீட்டு நாளை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் உங்களுக்கென இருக்கும் கலைஞர் பக்கத்தில் நுழைந்து, வெளிவருவதற்குக் குறைந்தது 7 நாள் முன்னால் ஒரு பதிவைப் பரிந்துரைக்கு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுவரவுப் பட்டியலில் அது சேரும். செலவில்லாத வேலை இது, பலர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

'500 ரூபாய்க்கு 10,000 கேட்புகள்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எந்திரத்தை வைத்து ஓட்டுகிறவர்கள் அவர்கள். தளம் கண்டுபிடித்தால் அபராதம் விநியோகச் சேவைக்குப் போகும், அவர்கள் உங்கள் பதிவையே தூக்கிவிடலாம்.

விற்க வேண்டும் என்றால் வெளிநாட்டு வாசகர்களுக்கு பேண்ட்கேம்ப், ஒலிப்பதிவுகளை நேரடியாக விற்கும் இணையதளம் அது. எண்மப் பதிவுக்கு 15% எடுத்துக்கொள்கிறார்கள், பணம் பேபால் வழியாக வரும். ஆனால் இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் உள்ளூர் வாசகருக்கு யுபிஐ எண்ணும் க்யூஆர் கட்டமும் போதும். விலை வைக்காமல், 'விரும்பியதைத் தாருங்கள்' என்று விடுங்கள்.

செவிவழி

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் துணையோடு இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா, கவிதையை நீங்கள் குரலில் கொடுப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. திரைவாசிப்பான் கவிதையை மின்கட்டண ரசீது படிக்கிற அதே குரலில் படிக்கும். வரி எங்கே உடைகிறது என்பதே தெரியாது.

ஆனால் உங்கள் அறிவிப்பு எனக்கு எட்டவில்லை. போன வாரம் ஒரு குழுவில் வந்த உங்கள் செய்தி ஒரு படம், கீழே ஓர் இணைப்பு. கவிதைப் பெயர், உங்கள் பெயர், நேரம் எல்லாம் படத்துக்குள் இருந்திருக்கிறது. என் போன் 'படம்' என்று மட்டும் சொன்னது, நான் தாண்டிப் போய்விட்டேன். இந்த இழையைப் படித்த பிறகுதான் அது நீங்கள் என்று தெரிகிறது.

தயவுசெய்து எல்லாவற்றையும் எழுத்தாகவும் எழுதுங்கள். யூடியூப் விளக்கப் பகுதியில் 5,000 எழுத்துக் குறிகள் வரை இடம் இருக்கிறது, முழுக் கவிதையையும் அங்கே போட்டுவிடலாம். கேட்க முடியாதவர்கள் அதைப் படிப்பார்கள். தேடுகிறவர்களுக்கும் கவிதையின் ஒரு வரி நினைவிருந்தால் போதும், வந்துவிடுவார்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புத்தகங்களைக் குரலில் பகிர்ந்துகொள்கிறோம். உங்கள் சம்மதம் இருந்தால் 14-ஐயும் அங்கே போடுகிறேன். கடைசி வரை கேட்கிறவர்கள் நாங்கள்.

உப்பங்காற்று

தம்பி, சம்மதம் கேட்கவே வேண்டாம். படத்தை உருவாக்க மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன். அதற்குள் எழுத்தை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தோன்றவே இல்லை. மன்னிக்கவும்.

பனையோலை

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோவில இருக்கிறன். உங்கட கவிதையைக் கேட்ட உடன எனக்கு ஆனையிறவுதான் ஞாபகம் வந்தது. அந்த உப்பளம் போரால நெடுங்காலம் மூடிக் கிடந்தது. அப்பா அந்தப் பக்கத்தால பஸ்ஸில போகேக்க வெள்ளையாத் தெரிஞ்சதைப் பற்றி இப்பவும் சொல்லுவார். நேற்று இரவு அவருக்கு உங்கட பதிவைப் போட்டுக் காட்டினன். ஒண்டும் கதைக்கேல்லை, திரும்பப் போடு எண்டு மட்டும் சொன்னார்.

ஒரு விசயம். நீங்கள் தூத்துக்குடியில காலமை 10 மணிக்கு ஏத்தினால் கோடை காலத்தில இங்க இரவு பன்னிரண்டரை. எல்லாரும் படுத்திருப்பினம். உங்கட காலமை ஏழு மணி எண்டால் இங்க முதல் நாள் இரவு ஒன்பதரை, சாப்பிட்டு முடிச்சு இருக்கிற நேரம். உங்கட ஊரிலயும் அது விடிஞ்சு ஆக்கள் போனை எடுக்கிற நேரம்தானே. இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

இங்க இருக்கிற தமிழ் வானொலியளுக்கு மின்னஞ்சல் போடுங்கோ. முழுத் தொகுப்பையும் அனுப்பாதேங்கோ, ஒரே ஒரு கவிதை, கூட நாலு வரி அறிமுகம், 'ஒலிபரப்ப அனுமதி உண்டு' எண்டு ஒரு வசனம். அனுமதி எழுத்தில இல்லாட்டி போடப் பயப்படுவினம்.

வரப்போரம்

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. குழுக்களில் போடுவதை விட ஒலிபரப்புப் பட்டியல் நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம். இணைப்பு அனுப்பாதீங்க, கவிதையையே குரல்பதிவாக அனுப்புங்க. இணைப்பைத் தொடுகிறவர்கள் குறைவு, குரல்பதிவு என்றால் யாரோ நம்மிடம் பேசுகிறார்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

ஒலிக்கட்டு

குரல்பதிவாக அனுப்பினால் ஒலி நசுங்கும். இவ்வளவு சிரமப்பட்டுச் சரிசெய்துவிட்டு அதை வாட்ஸ்அப் கையில் கொடுப்பதா? ஒலிக்கோப்பாக அனுப்பட்டும்.

செவிவழி

ஒலிக்கட்டு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் வைத்திருப்பது பழைய போன். கோப்பு வந்தால் எங்கே போய் உட்கார்ந்தது என்று தேட வேண்டும். குரல்பதிவு இருந்த இடத்திலேயே ஒலிக்கும். கொஞ்சம் நசுங்கினாலும் பரவாயில்லை.

ஒலிக்கட்டு

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். நசுங்கினாலும் சொல் தெளிவாகக் கேட்கும்படி தனியாக ஒரு பிரதி செய்கிறேன். அடித்தொனியைக் கொஞ்சம் குறைத்தால் சின்ன ஒலிபெருக்கியில் எழுத்து எழுத்தாக விழும்.

பழைய அலைவரிசை

எனக்கு வயது 71. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. நான் பிறந்தபோது எங்கள் தெருவில் வானொலி இருந்தது ஒரே வீட்டில். பொங்கல் கவியரங்கம் கேட்க அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடிப்போம். அடுத்த வாரம் வரைக்கும் அந்த வரிகளைச் சொல்லிக்கொண்டு திரிவோம். கவிதையைக் காதால் வாங்குவது நமக்குப் புதிது இல்லை அம்மா, நடுவில் விட்டுப்போயிற்று.

வேறொரு ஊர்க் கதையும் சொல்கிறேன். 1952-இல் நியூயார்க்கில் 22 வயதுப் பெண்கள் இருவர், கல்லூரி முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, கையிலும் சொற்பப் பணம். டிலன் தாமஸ் என்ற வேல்ஸ் கவிஞரின் மேடை வாசிப்பைக் கேட்டுவிட்டு, இந்தக் குரலை இசைத்தட்டாக்க வேண்டும் என்று அவரையே துரத்திப் பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். 'கேட்மன்' என்ற அவர்கள் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். பதிவு நாளில் ஒரு பக்கம் நிரம்பக் கவிதை போதவில்லை. கவிஞர், முன்பு பத்திரிகையில் வந்த தன் உரைநடை ஒன்றை வாசித்துக் கொடுத்தார். இடம் நிரப்ப வந்த அந்த உரைநடைதான் அந்தத் தட்டிலேயே மக்கள் தேடித் தேடி வாங்கியது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் 14 கவிதைகளுக்குப் பக்கத்தில் உன் அம்மாவை மூன்று நிமிடம் பேச வை. கவிதையாக வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், பாத்தியில் கால் வைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவு போதும்.

உப்பங்காற்று

ஐயா, இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நீதான எழுதுத" என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து, "அந்த மிஷினு எங்க?" என்று கேட்டார்.

கணக்கேடு

உரிமை பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இதில் ஏதாவது கவிதை முன்பே புத்தகமாகவோ இதழிலோ வந்திருக்கிறதா?

உப்பங்காற்று

ஐந்து கவிதைகள் ஒரு சிறு தொகுப்பில் வந்தன. ஒப்பந்தம் என்று எதுவும் கையெழுத்துப் போடவில்லை.

கணக்கேடு

அப்படியென்றால் கவலை வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவரை உரிமை உங்களுடையது. எழுதிக் கொடுத்தவர்களுக்கும் ஒரு செய்தி: காலவரை குறிப்பிடாமல் விட்டிருந்தால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் தொகுப்புப் போட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது மரியாதை.

பின்னணி இசை இல்லாததும் நல்லது. சினிமாப் பாட்டின் ஒரு துண்டு, ஒரு முணுமுணுப்பு இருந்தாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துக்கொள்ளும். உப்பு வாரும் சத்தத்துக்கு உரிமை கோர யாரும் வரமாட்டார்கள்.

உப்பங்காற்று

(நான்கு மாதம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். சொல்லாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் சொன்னதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டு வருகிறேன்.

மூச்சைத் திருப்பி வைத்தோம். முதல் சொல் இரண்டாவது விநாடியில் வருகிறது. அம்மா பேசியது 3 நிமிடம் 20 விநாடி, 15-ஆவது பதிவாகச் சேர்த்தேன். முழுவதையும் ஒரே நாளில் வெளியிடாமல், வெள்ளிக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு ஒன்று என்று 15 வாரம் போனேன்.

செலவு: விநியோகச் சேவைக்கு ஒருமுறைக் கட்டணம். அது போக, க்யூஆர் கட்டம் போட்ட 500 புத்தகக்குறிகள். ஒரு பக்கம் நான்கு வரிக் கவிதை, மறுபக்கம் கட்டமும் 'கேளுங்கள்' என்ற ஒரு சொல்லும். நூலகத்திலும் இரண்டு புத்தகக் கடையிலும் மூன்று டீக்கடையிலும் வைத்தேன். டீக்கடையில் வைத்ததுதான் முதலில் தீர்ந்தது. 8,000-இல் இன்னும் 3,100 கையில் இருக்கிறது.

ஸ்பாட்டிஃபையில் எந்தக் கவிதையும் ஆயிரத்தைத் தொடவில்லை. யூடியூபிலும் பெரிய எண் கிடையாது. ஆனால் சராசரியாகக் கேட்பது 40 விநாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிருக்கிறது. இப்போதெல்லாம் அந்த ஓர் எண்ணைத்தான் பார்க்கிறேன். யுபிஐயில் 10 ரூபாய், 50 ரூபாய் என்று வந்தது மொத்தம் 4,260. 10 ரூபாய் அனுப்பிய ஒருவர் குறிப்பில் 'ரெண்டு தடவ கேட்டேன்' என்று எழுதியிருந்தார்.

பனையோலை சொன்னபடி ஒரு கவிதையை மட்டும் மூன்று வானொலிகளுக்கு அனுப்பினேன். ஒன்றில் போட்டார்கள். தம்பி செவிவழி, உன் குழுவிலிருந்து மட்டும் எனக்கு 19 குரல் பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் பேச்சுதான் எல்லாவற்றையும் விடத் தூரம் போனது. ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் போன்களுக்குள் அது எப்படியோ போய்விட்டது, அதன் பின்னாலேயே கவிதைகளும். நான் யாருக்காக எழுதினேனோ அவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அம்மா குரல்தான் கூட்டிக்கொண்டு போயிற்று.

பழைய அலைவரிசை

மகளே, அம்மா என்ன சொல்கிறார்?

உப்பங்காற்று

ஐயா, அவர் பதிவை அவர் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை, வெட்கம். ஆனால் யாராவது போன் செய்தால் வாசலில் போய் நின்று பேசுகிறார்.

போன வாரம் முள்ளக்காடு பக்கமிருந்து ஓர் அக்கா அழைத்தார். இப்போதும் அளத்துக்குப் போகிறவர். நாலாவது கவிதையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார். கூடையோடு வரப்பில் நடக்கிற கவிதை அது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா நீ வேகமாச் சொல்லுத. தலையில சுமை இருக்கும்போது இந்த வேகத்துல பேச்சு வராது, தாயி. நாலு எட்டுக்கு ஒரு வார்த்தைதான் வரும்" என்றார். போனிலேயே நடந்து காட்டுவதுபோல் சொல்லியும் காட்டினார்.

மீதி 3,100-ஐ அதற்குத்தான் வைத்திருக்கிறேன். ஒலிக்கட்டு சார், நாலாவதை மறுபடி பதிய வேண்டும். அந்த அக்காவோடு ஒருநாள் வரப்பில் நடந்துவிட்டு வருகிறேன், அடுத்த ஞாயிறு நேரம் இருக்குமா?

ஒலிக்கட்டு

இருக்கும். இந்த முறை மூச்சை யாரும் தொடக் கூடாது.